கைக்கட்டு மேடமும் சணல் முடிச்சுப் பெரும்போரும்

முறுக்கிய சணலே, இக்கதை இடையில் அறாமல் காப்பாயாக.

வாழி அவள். பூவாளி தாங்கிய புயமும், பதிவேடு தாங்கிய இடுப்பும், வெயில் தாங்கிய நெற்றியும் உடையாள். ஒரு தோளில் முதலுதவிப் பையும் மறு தோளில் பிறர் மறந்துவிட்டுப் போன குடைகளும் சுமந்து, செவ்வாய்தோறும் காலை ஒன்பதரை மணிக்குப் பொதுத் தோட்டத்தின் பின்வாயில் வழியே களம் புகுவாள். வாடிய செடியையும் வாடிய மனிதரையும் எதிரெதிரே நிறுத்தி, எது எதைத் தேற்றுகிறது என்று எவரும் அறியாவண்ணம் இரண்டையும் தலைநிமிரச் செய்வாள். தோட்டவழி நலச்சிகிச்சைத் திட்டத்தின் பொறுப்பாளர் என்றும், அதன் எழுத்தர் என்றும், ஆள் வராத நாளில் அதன் தண்ணீர் ஊற்றுபவர் என்றும், ஒரே சம்பளத்தில் மும்மூர்த்தியாய் விளங்கும் வீராங்கனை. அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வழங்கிற்று. வையகம் அவளைக் கைக்கட்டு மேடம் என்றே அழைத்தது. பெயர்க்காரணம் போர்க்காரணமும் ஆதலால், அதை அதற்குரிய இடத்தில் கூறுவோம்.

முதலில் அவள் ஆண்ட நாட்டின் வளம். ரோஜாத் தோட்டம் தாண்டி, அங்கே படம் எடுக்க வந்து முள் குத்திக்கொள்ளும் புதுமணத் தம்பதியர் தாண்டி, கட்டணக் கழிப்பறையும் தாண்டி, தோட்ட வரைபடத்தில் ‘இதர’ என்று குறிக்கப்பட்ட மூலையில் விரிந்து கிடந்தது அந்நாடு. வடக்கெல்லை, மோட்டார் அறையின் இரைச்சல். தெற்கெல்லை, உரக்குவியலின் மணம். கிழக்கே ஒரு பெஞ்சு. மேற்கே இன்னொரு பெஞ்சு. அதற்குக் கால் மூன்று. இவ்வெல்லைகளுக்குள் ஆறு பாத்திகள். குனிய முடியாதவர் குனியாமலும், சக்கர நாற்காலியில் வருபவர் முழங்கால் இடிபடாமலும் மண்ணைத் தொடும்பொருட்டு, இடுப்பளவு உயரத்தில் பலகை அடித்து மண் நிரப்பிய பாத்திகள். ஆறு பாத்திக்கு ஆறு குடிமக்கள். பக்கவாதம் கண்டு மீண்டவரும், மூட்டு மாற்றிக்கொண்டவரும், ஓராண்டாக வீட்டு வாசலைத் தாண்ட மனம் வராதிருந்தவருமாக, மருத்துவமனை எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் ஏந்தி வந்தவர்கள். பன்னிரண்டு வாரம் ஒரு பருவம். பருவம் முடிந்தால் பாத்தி அடுத்தவருக்கு. காத்திருப்போர் பட்டியல் அவரைக்கொடி போல் நீண்டு கிடந்தது.

இந்நாட்டின் அரசியல் சாசனம் ஒரே ஒரு தாள். அதில் மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்வார். அவ்வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று கட்டத்தில் டிக் விழும். முதற் கட்டம், உதவியின்றி. இரண்டாம் கட்டம், சொல்லுதவியுடன். மூன்றாம் கட்டம், கையுதவியுடன். எவரேனும் ஒரு சுண்டுவிரலால் தொட்டாலும் மூன்றாம் கட்டம்தான். ஆகவே முதல் நாள் முதல் நிமிடத்தில், குடிமக்களோடு துணைக்கு வந்த உற்றார் உறவினர் அனைவரையும் வரிசையில் நிறுத்தி, நம் தலைவி தன் முதற் பிரகடனத்தை முழங்கினாள்.

“செடி அவங்களோடது. மண்ணு அவங்களோடது. தப்பா போச்சுன்னா அந்தத் தப்பும் அவங்களோடது. நமக்கு ஒரே வேலைதான். கையக் கட்டிக்கிட்டு நிக்கிறது.”

அன்று முதல் ‘கையக் கட்டுங்க’ என்னும் அம்முழக்கம் ஒரு காலையில் நாற்பது முறை அம்மூலையில் எதிரொலித்தது. கேட்டுக் கேட்டு, உரக்குவியலில் மேயும் காகங்கள்கூடச் சிறகை ஒடுக்கி நின்றதாகச் சொல்வர். பெயர்க்காரணம் இதுவே.

ஆயினும் ஓர் இரகசியம் இங்கே வெளிப்பட வேண்டும். பிறர் கையைக் கட்டுவிக்கும் அப்பெருமாட்டி, தன் கையைக் கட்ட அறியாதவள். பேருந்தில் முன்னிருக்கைக்காரரின் காலர் மடிந்திருந்தால், இறங்குமிடம் வரும்வரை அவளுக்கு மூச்சு முட்டும். போன வீட்டில் படம் கோணலாய்த் தொங்கினால், அதை நேராக்கிவிட்டுத்தான் “எப்படி இருக்கீங்க” என்பாள். கணவர் ஊசியில் நூல் கோக்க முயன்றால், அவர் இரண்டாம் முறை தவறவிடுவதற்குள் ஊசியும் நூலும் அவள் கைக்கு மாறியிருக்கும். எப்படி மாறின என்று அவளும் அறியாள். ஆற்றுவெள்ளத்தைத் தடுக்கச் சொல்லி அணையையே கரைப்பவரிடம் ஒப்படைத்தது போன்றது அத்திட்டத்தை அவளிடம் ஒப்படைத்தது. இது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை சத்தம்.

நிற்க. நாலாம் பாத்திக்கு வருவோம்.

நாலாம் பாத்திக்கு உரியவர் ஒரு தையற்காரர். மாஸ்டர் என்றால் அவ்வட்டாரத்தில் அவர் ஒருவரே. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் வைத்தவர். பல்லில் நூலைக் கடித்தபடியே வாடிக்கையாளரின் இடுப்பளவையும் அவர் இடுப்பைப் பற்றிய தம் கருத்தையும் ஒருங்கே கூற வல்லவர். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்து அவரது வலப்பக்கத்தை அளவெடுத்துக்கொண்டு போயிற்று. கால் திரும்பிவிட்டது. வாய் திரும்பியது மட்டுமன்றி வட்டியோடு திரும்பியது. வலக்கை மட்டும், கட்டளை போனால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்னும் அலுவலகம்போல் நடந்துகொண்டது. அதனால் ஊருக்குப் பொத்தான் வைத்தவரின் சட்டைக்கு, எட்டு மாதமாய்க் காலை ஏழரை மணிக்கு, மனைவி பொத்தான் போட்டுவிட்டார். ஐந்து பொத்தான், ஐந்து நிமிடம், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அறிவுரை. மாஸ்டருக்கு மருந்து கசக்கவில்லை, பத்தியம் கசக்கவில்லை, அந்த ஐந்து நிமிடம் கசந்தது.

முதல் வாரத்தில், நாலாம் பாத்தியின் முன்னிலையில், தக்காளி நாற்று சாட்சியாக, ஓர் ஒப்பந்தம் நிகழ்ந்தது.

“இங்க பாருங்க,” என்றார் மாஸ்டரின் மனைவி. “ஒரு முடிச்சு. ஒண்ணே ஒண்ணு. யாரும் தொடாம நீங்களே போட்டுக் காட்டுங்க. அப்புறம் உங்க சட்டைப் பக்கமே நான் வரமாட்டேன்.”

“எழுதிக் குடு.”

“நான் எதுக்கு எழுதணும்? மேடம் வச்சிருக்காங்கல்ல மூணு கட்டம். முதல் கட்டத்துல ஒரு டிக்கு விழட்டும். அதுவரைக்கும் கழுத்த நிமித்திக்கிட்டு நில்லுங்க.”

தக்காளி வளரும் செடி. வளர வளரக் குச்சியோடு சேர்த்துச் சணலால் கட்ட வேண்டும்; வாரம் ஒரு கட்டு. இடக்கை பிடித்துக்கொள்ளலாம், வலக்கை சுற்றி இழுக்க வேண்டும். இதுவே மாஸ்டருக்கு வகுத்த வேலை. பதினொரு வாரம் கடந்தது. பதினொரு டிக்கும் மூன்றாம் கட்டத்தில் ஏணிப்படிபோல் வரிசையாய் நின்றன. அவற்றுள் ஆறு, மனைவியார் பாய்ந்து பற்றியதால். இரண்டு, தலைமைத் தோட்டக்காரர் குறுக்கிட்டதால். இரண்டு, நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவரின் பேரன்பால். எஞ்சிய ஒன்று மூன்றாம் வாரத்தது. அன்று முடிச்சு முக்கால்வாசி ஏறிவிட்டது. இன்னும் ஒரே இழுப்பு. அப்போது ஒரு கை நீண்டு, அந்த இழுப்பை இழுத்து முடித்தது. யார் கை என்று மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். கைக்கட்டு மேடத்தின் கை. “நல்லா கட்டியிருக்கீங்க” என்று மட்டும் சொன்னார் மாஸ்டர். அச்சொல் ஒன்பது வாரமாய் அவள் நெஞ்சில், செருப்புக்குள் புகுந்த கல் போல் நடந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் செவ்வாய் விடிந்தது. பருவத்தின் இறுதி நாள். பதினொரு மணிக்கு அந்தத் தாள் அலுவலகம் சேர வேண்டும்; அடுத்த வாரம் நாலாம் பாத்தியில் வேறொருவர் நிற்பார். தக்காளிச் செடி தோளளவு ஓங்கி, பச்சைக் காய்களின் பாரத்தால் ஒரு கிளை சாய்ந்து, கட்டுவாரைத் தேடி நின்றது. மாஸ்டர் ஐந்து பொத்தானும் பிசகாது பூட்டப்பட்ட வெள்ளைச் சட்டையில், தண்டனை பெற்ற இளவரசனைப்போல் வந்து சேர்ந்தார். மணி பத்து. மோட்டார் அறை முரசம் அதிர்ந்தது. வலக்கை சணலை எடுத்தது.

எடுத்ததும் உதவிப்படை எழுந்தது.

பகைவர் படையைத் தடுத்த மன்னர் பலர். அவர்க்கு வாள் போதும். அன்போடு வரும் படையைத் தடுப்பது எங்ஙனம்? அதன் யானைகள் பரிவுடையவை. அதன் குதிரைகள் “ஐயோ பாவம்” என்று கனைப்பவை. அதன் வில்லாளர் எய்யும் ஒவ்வோர் அம்பும் “குடுங்க நான் பண்றேன்” என்னும் சொல்லே. காயம் பட்டவன் நன்றி சொல்ல வேண்டிய போர் உலகில் அது ஒன்றே. அப்படைக்கு எதிரே தன்னந்தனியாய், பதிவேட்டைக் கேடயமாய்ப் பிடித்து, நாலாம் பாத்தியின் வாயிலில் நின்றாள் நம் தலைவி.

முன்னணிப் படை, மனைவியார். எட்டு மாதப் பயிற்சியால் அவர் விரல்கள் தாமாகவே வளைந்து நீளும். சணல் முனை நடுங்கிய கணமே அவ்விரல்கள் பாத்தியின் பலகை தாண்டின. தலைவி கையைக் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. கட்டிய கை அவிழும் என்பதைப் பதினொரு வாரம் கற்பித்திருந்தது. வெறுங்கைதான் பகை, நிறைந்த கை நட்பு. இரண்டு பூவாளிகளை அரைவாசி நீரோடு எடுத்து, அம்மையாரின் இரு கைகளிலும் திணித்தாள்.

“அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க.”

“எதுக்கு ஊத்தணும்?”

“ஊத்த வேண்டாம். பிடிச்சுக்கிட்டாப் போதும்.”

“எவ்வளவு நேரம்? கீழ வைக்கலாமா?”

“அடி ஓட்டை. கீழ வச்சா ஒழுகும்.”

கையில் இருக்கும்போது ஏன் ஒழுகவில்லை என்று அம்மையார் கேட்கவில்லை. பன்னிரண்டு வாரமாய் அத்தோட்டத்தில் எதுவும் காரணத்தோடு நடந்து அவர் பார்த்ததில்லை. இருபுறமும் பூவாளி தொங்க, தராசுபோல் நின்றார்.

முன்னணி ஓய்ந்ததும் வலப்புறம் புழுதி கிளம்பிற்று. நடைப்பயிற்சிப் பெரியவர் ஏழாம் சுற்றில் வந்துகொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற சாரணர் ஆசிரியர். முப்பத்திரண்டு வகை முடிச்சு அறிந்தவர். ஓய்வுக்குப் பின் அவற்றுள் ஒன்றையேனும் போட்டுப் பார்க்க வாழ்க்கை அவருக்கு இடம் தரவில்லை. பையை ஒட்டுவதற்கும் பசை வந்துவிட்டது, காலணிக்கும் கயிறு போய்விட்டது. அத்தகையவர் கண்முன், ஒரு மனிதர் சணலைத் தவறான பக்கம் சுற்றுவது, பட்டினியாய் வந்தவன் முன் இலையைச் சுருட்டுவதற்கு ஒப்பாகும்.

“மாஸ்டர், அது அப்படி இல்ல. இப்படிக் குடுங்க.”

“சார்,” என்று தலைவி குறுக்கே பாய்ந்தாள். “அஞ்சாம் பாத்தியில உங்க முடிச்சப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு.”

யாரும் கேட்கவில்லை. அஞ்சாம் பாத்திக்கு உரியவர், ஓராண்டாக வீட்டு வாசல் தாண்டாதிருந்த அந்த மனிதர். எதையும் யாரிடமும் கேட்காதவர் என்பதற்காகவே அங்கு அனுப்பப்பட்டவர். பெரியவர் அவர்முன் போய் நின்று, பையிலிருந்து சொந்தக் கயிறு ஒன்றை உருவினார். கயிற்றோடுதான் நடைப்பயிற்சிக்கு வருகிறார் என்பது அன்றுதான் வெளிப்பட்டது. அஞ்சாம் பாத்திக்காரர் அவரையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். “சொல்லுங்க” என்றார். அந்தப் பருவத்தில் அவர் பேசிய நாலாவது சொல் அது. அதற்குமேல் பெரியவரை அங்கிருந்து பெயர்க்க யானை வேண்டும். கால் மணிக்குள் விளக்கத்தின் பொருட்டுத் தம் இரு மணிக்கட்டையும் தாமே கட்டிக்கொண்டுவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர் தலைமைத் தோட்டக்காரர். தள்ளுவண்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர், வண்டியை மறந்து நின்றார். முப்பதாண்டுகள் நேர்கோட்டில் வாழ்ந்தவர் அவர். புல்வெளியின் ஓரத்தை நூல் பிடித்து வெட்டுபவர். தம் வீட்டுத் துணிக்கொடியில் துண்டுகளை உயர வரிசையில் காயப்போடுபவர்.

“என்ன மேடம் இது, செடிக்கு ஊஞ்சலா கட்டுறாரு? நகருங்க. ரெண்டே நிமிஷம்.”

“நீங்க கட்டுனா அழகா இருக்கும்ணே. அழகா இருந்துச்சுன்னா நான் தோல்வின்னு எழுதணும்.”

“அப்ப கோணலா இருந்தாத்தான் பாஸா?”

“ஆமாண்ணே.”

அவர் இதயம் என்ன பாடுபட்டது என்பதை விரித்தால் இப்படலம் முடியாது. பார்த்தால் கை போகும். பார்க்காவிட்டால் மனம் போகும். இரண்டில் மனம் போகட்டும் என்று துணிந்து, பாத்திக்கு முதுகு காட்டி, மோட்டார் அறைச் சுவரை நோக்கி, கையைக் கட்டி நின்றுவிட்டார். அரை நிமிடத்துக்கு ஒருமுறை சுவரிடம் கேட்டார்.

“ஆச்சா?”

“இல்லண்ணே.”

“இப்ப?”

இவ்வாறு மூவரும் மூன்று திசையில் அடங்க, களத்தின் நடுவே எஞ்சியது மாஸ்டரும் சணலும். முதற் சுற்றில் சணல் மண்ணில் விழுந்தது. அவரே எடுத்தார், எடுக்க மூன்று நிமிடம். இரண்டாம் சுற்றில் இலைக்காம்பில் சிக்கியது. அவரே விடுவித்தார், காம்பு ஒன்று போயிற்று. மூன்றாம் சுற்றில் சணல் குச்சியைத் தாண்டிச் சென்றது, கிளையைத் தாண்டிச் சென்றது, திரும்பி வரும் வழியில் வலக்கைப் பெருவிரல் நின்றுவிட்டது. உச்சி வெயிலில் பாதி வழியில் நின்றுவிட்ட வண்டிபோல் நின்றது. மணி பத்து முப்பத்தாறு.

மாஸ்டர் தம் விரலோடு பேசலானார். “வாடா. மலையையா தூக்கச் சொல்றேன்? வளையத்தானே சொல்றேன். முப்பத்தெட்டு வருஷம் உன்னைய வச்சு ஊருக்கே காஜா எடுத்தேன், ஒரு நாளாவது இப்படிப் பண்ணுனியா? வா. அஞ்சு பேரு பாக்குறாங்க.”

விரல் வரவில்லை.

அப்போதுதான் கடைசிப் பகை எழுந்தது. அதுவரை பதிவேட்டின் அடியில் பதுங்கியிருந்த, எவரும் ஐயுறாத, ஒன்பது வாரமாய்த் தண்டனையில் இருந்த தலைவியின் வலக்கை, யாரும் அழையாமலே மெல்ல உயர்ந்தது. அவள் பார்த்தாள். கையைக் கட்டினாள். கட்டிய கை அக்குளுக்கு அடியில் பாம்புபோல் நெளிந்து மறுபுறம் தலைகாட்டிற்று. இடக்கையால் அதை இறுகப் பிடித்தாள். பிடித்த இடக்கையும் சற்று நேரத்தில் அதோடு சேர்ந்துகொண்டு, இரண்டும் கூட்டணியாய்த் தக்காளியை நோக்கிப் புறப்பட்டன. சொந்தப் படையே எதிரணியில் சேர்ந்த வேளையில் பேரரசர்கள் பலர் அரண்மனைச் சுரங்கம் தேடியிருக்கின்றனர். அவள் தேடவில்லை. நாலாம் பாத்தியின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த, வாய் திறந்த மக்கிய உர மூட்டையைக் கண்டாள். குனிந்தாள். இரு கைகளையும் முழங்கை வரை அதற்குள் புதைத்தாள்.

உரம் உள்ளே வெதுவெதுப்பாய் இருந்தது. ஏதோ ஒன்று அவள் நடுவிரலைச் சுற்றி ஊர்ந்து, திருப்தியுற்று, மோதிர விரலுக்குச் சென்றது. அவள் அசையவில்லை. குனிந்த தலை தக்காளி இலைகளுக்குள். மூக்கின் நுனியில் வியர்வை. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தப் பெருவிரல். முனிவர் பலர் காட்டில் தவமிருந்து கையை உயர்த்தினர். கையைத் தாழ்த்தித் தவம் செய்தவள் அவள் ஒருத்தியே. சொல்லுதவிக்கும் ஒரு கட்டம் உண்டாதலால் வாயும் திறக்கலாகாது, உதட்டையும் கடித்துக்கொண்டாள்.

“ஆச்சா?” என்றார் தோட்டக்காரர் சுவரிடம்.

பெருவிரல் நகர்ந்தது.

ஒரு நூலளவு, பிறகு ஒரு தையலளவு. மேலிடத்து உத்தரவு எந்த வழியாகவோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எட்டு மாதப் பகையை மறந்து ஒன்றையொன்று சந்தித்து, நடுவில் அகப்பட்ட சணலைக் கவ்வின. இடக்கை பிடித்தது. வலக்கை வளையத்துக்குள் புகுந்தது, வெளியே வந்தது, இழுத்தது, நழுவியது, மீண்டும் கவ்வி இழுத்தது. முடிச்சு விழுந்தது. காகம் கட்டத் தொடங்கிப் பாதியில் மனம் மாறிய கூடு போன்ற முடிச்சு. சாய்ந்த கிளை அதன்மேல் தன் பாரத்தை வைத்துப் பார்த்தது. முடிச்சு நின்றது.

வெற்றிப் பிரகடனம் செய்ய எழுந்தாள் தலைவி. எழ முடியவில்லை. கழுத்தை எதுவோ பிடித்து இழுத்தது.

நடந்தது இதுவே. குனிந்த அவள் கழுத்திலிருந்து அடையாள அட்டையின் நாடா தொங்கிக் குச்சியின்மேல் சாய்ந்திருக்க, உணர்ச்சி முழுதும் திரும்பாத விரல்கள் நாடா எது கிளை எது என்று பிரித்தறியாமல், குச்சியையும் கிளையையும் பொறுப்பாளரையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டன.

தோட்டக்காரர் திரும்பினார். நொடியில் இடுப்பிலிருந்து கத்தரியை உருவினார். “அசையாதீங்க மேடம், சணலை வெட்டிவிடுறேன்.”

“அண்ணே,” என்றார் மாஸ்டர். குரல் தாழ்ந்தே இருந்தது. துணிமேல் தவறாகச் சாக்கட்டி வைக்கும் வேலையாளிடம் முப்பத்தெட்டு ஆண்டுகள் பேசிய குரல். “கத்திரிய உள்ள வைங்க.”

கத்தரி உள்ளே போயிற்று. ஆனால் பூவாளி ஏந்திய வழக்கறிஞர் வாதத்துக்கு எழுந்தார்.

“மேடத்தோட நாடாவும் உள்ள இருக்கே,” என்றார் மனைவியார். “அப்ப அவங்களும் சேர்ந்து கட்டுனதுதானே. இது மூணாவது கட்டம்.”

“அவங்க கழுத்துதான் வந்துச்சு. கை வரலையே,” என்றார் மாஸ்டர்.

“வந்துச்சா வரலையான்னு யாரு கண்டா? இலை மறைச்சுருச்சு.”

“முடிச்சுல தப்பில்ல,” என்று அஞ்சாம் பாத்தியிலிருந்து, கட்டுண்ட கைகளோடு, நிபுணர் சாட்சியம் வந்தது. “பேருதான் கிடையாது.”

தலை தக்காளியோடு பிணைந்த நிலையிலேயே தலைவி மூட்டைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள். விரல் நுனி முதல் முழங்கை வரை கருமை. சணலில் ஒரு புள்ளிக் கருமை இல்லை. மோதிர விரலில் மண்புழு ஒன்று சாட்சிக் கூண்டில் ஏறியதுபோல் தலையை உயர்த்திப் பார்த்தது.

மனைவியார் அக்கைகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு முடிச்சைப் பார்த்தார். பூவாளிகளைக் கீழே வைத்தார். அவை ஒழுகவில்லை, அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை. பாத்திக்கு அருகே வந்து முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நின்றது. இன்னொரு முறை, சற்று வேண்டுமென்றே, இழுத்தார். நின்றது.

“அப்ப காலையில அந்த அஞ்சு நிமிஷம் நான் என்ன பண்றது?” என்று கேட்டார். கேள்வி மாஸ்டருக்கா முடிச்சுக்கா என்று தெரியவில்லை.

மாஸ்டர் இக்கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வாரமும் சட்டையைப் பற்றியே சிந்தித்தவர், சட்டைக்கு எதிரே நின்ற ஆளைப் பற்றி அப்போதுதான் சிந்தித்தார்.

“எதிர்ல உக்காந்து டீ குடி,” என்றார். “ஆனா வாயத் தொறக்கக் கூடாது.”

“அது முடியாது.”

“சரி, பேசிக்கோ. கை மட்டும் வரக்கூடாது.”

“டிக்கு போடுங்க மேடம்,” என்றார் மனைவியார். “முதல் கட்டத்துல. நல்லா தெரியிற மாதிரி.”

முடிச்சை அவிழ்ப்பது அறமன்று என்பதால், நாடாவிலிருந்து தலையை உருவிக்கொண்டாள் தலைவி. கொண்டை சிக்கிற்று; மனைவியார், மாஸ்டர், தோட்டக்காரர் என மூவர் கை பாய்ந்து வந்தன; “கையக் கட்டுங்க” என்றாள்; மூவரும் கட்டினர்; அவளே உருவினாள். அடையாள அட்டை தக்காளிக் காய்களுக்கு நடுவே தொங்கி, காற்றில் திரும்பித் திரும்பி, அவளது புகைப்படத்தையும் பதவியையும் காகங்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. மணி பத்து நாற்பத்தாறு. கரிய விரலால் பேனா பிடித்து, பன்னிரண்டாம் வரியின் முதற் கட்டத்தில், வெள்ளைத் தாள் கருக்க, கட்டம் கொள்ளாத அளவுக்கு ஒரு டிக் போட்டாள்.

அக்கணம் மோட்டார் அறை முரசம் மும்முறை இருமி முழங்க, உரக்குவியல் மணம் திசை நான்கும் பரவ, மூன்று கால் பெஞ்சு தானே ஒருமுறை ஆடி வணங்க, கட்டுண்ட கைகளால் சாரணர் ஆசிரியர் தட்ட முடியாத கைத்தட்டலைத் தலையாட்டித் தெரிவிக்க, அஞ்சாம் பாத்திக்காரர் தம் ஐந்தாவது சொல்லாக “பலே” என்று மொழிய, கோணல் முடிச்சைக் கண்டு கண்ணீர் மல்கிய தலைமைத் தோட்டக்காரர் அதைத் தொடாமலே தள்ளுவண்டியை உருட்டிச் செல்ல, எண்திசையும் அடங்கி, ஏழுலகும் வியந்து, இனி ஒரு கை இன்னொரு கையின் வேலையில் தலையிடாது என்று ஞாலம் உறுதி பூண, தன் கையைத் தானே வென்ற தலைவியின் புகழ், வளரும் தக்காளியினும் உயர்ந்து, வாழிய வாழியவே.

அடுத்த செவ்வாய்க்கிழமை தக்காளியைப் பார்க்க வந்த மாஸ்டர், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.